ரன் என்ற ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம்?
மூக்கு ஒழுகினாலும், கடை நடத்தினாலும், தேர்தலில் நின்றாலும் ஆங்கிலத்தில் ஏன் ரன் என்றே சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடுவதைவிட, நிற்காமல் போய்க்கொண்டே இருப்பதுதான் அதன் அடிப்படை. அதனால்தான் ஆற்றில் தண்ணீர் போவதும் ரன், துவைக்கும்போது சாயம் போவதும் ரன். அப்புறம் இயந்திரங்கள் வந்து அர்த்தங்களை இன்னும் பெருக்கிவிட்டன. நாமும் ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது என்கிறோமே! ஆக்ஸ்போர்டு அகராதியின் 1989 பதிப்பில் செட் என்ற சொல்தான் மிக நீளமான பதிவு, பிறகு திருத்தியபோது ரன் 645 பொருள்களோடு அதை முந்திவிட்டது. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், பின்னால் வரும் சொல்லைச் சேர்த்தே படியுங்கள்: ரன் இன்டு என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, ரன் ஓவர் என்றால் வண்டியை மேலே ஏற்றிவிடுவது. தேர்தலுக்கு ரன் என்பது அமெரிக்க வழக்கு, பிரிட்டனில் பெரும்பாலும் நம்மைப் போல 'நிற்கத்தான்' செய்கிறார்கள், அதாவது ஸ்டாண்ட்.