பக்கவாதம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: என் மாமனாருக்கு வயது 64. விடியற்காலை 5 மணிக்குப் பால் வாங்கப் போய்த் திரும்பியதும் அவருக்கு வாய் ஒருபுறம் கோணி, வலது கை துவண்டுவிட்டது. சற்று நேரம் படுத்தால் சரியாகும் என்று எண்ணி, பிரஷர் மாத்திரையும் காபியும் கொடுத்துப் படுக்க வைத்தோம். 11 மணிக்கு மருத்துவமனை சென்றபோது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள். ஓர் ஊசிக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பான நேரக் கணக்கு?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: உங்கள் வேதனை புரிகிறது. அந்தக் காலைப் பொழுதில் பெரும்பாலான வீடுகளில் நடப்பதுதான் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது.

மூளையின் பெரிய ரத்தக் குழாய் ஒன்று அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதியைச் சுற்றி, செயலிழந்தும் உயிர் போகாத திசு சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஊசியால் காப்பாற்ற முயல்வது அதைத்தான். நேரம் செல்லச் செல்லச் சேதமடைந்த குழாய்களின் சுவர் வலுவிழப்பதால், பிறகு ஊசி போட்டால் மூளைக்குள்ளேயே ரத்தம் கசியும் அபாயம் நன்மையை மிஞ்சிவிடுகிறது. 1995இல் வெளியான ஆய்வு 3 மணி நேரத்துக்குள் ஊசி போடுவதன் பயனைக் காட்டியது. 2008இல் வந்த மற்றோர் ஆய்வுக்குப் பிறகு அந்த வரம்பு நான்கரை மணி நேரமாக நீண்டது. நோயாளி நலமாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்தே கணக்கு தொடங்குகிறது என்பதால், தூங்கி எழும்போதே பாதிப்பு தெரிந்தால், இரவு எத்தனை மணிக்கு நன்றாகப் பேசினார் என்பதை மருத்துவர் கேட்பார்.

வீட்டில் மாத்திரை கொடுத்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடைப்பு ஏற்பட்டவுடன் ரத்த அழுத்தம் உயர்வது, பட்டினி கிடக்கும் பகுதிக்கு எப்படியாவது ரத்தம் போய்ச் சேர உதவுகிறது. அதைத் திடீரென்று இறக்கினால் பாதிப்பு பெரிதாகலாம். ஆஸ்பிரினும் கூடாது, ஏனெனில் ரத்தக் கசிவால் வரும் பக்கவாதமும் இதே அறிகுறிகளோடுதான் வரும். இரண்டையும் பிரித்தறிய சி.டி. ஸ்கேன் தேவை. விழுங்கும் திறன் பாதிக்கப்பட்டிருந்தால் காபியும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போய்விடும். விரல் நுனியில் ஊசியால் குத்துவதும், புறா ரத்தம் தேய்ப்பதும் நேரத்தைத்தான் தின்னும்.

வாய் கோணினாலோ, ஒரு கை தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேனும் ஊசி போடும் வசதியும் உள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்லுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள். வாந்தி எடுத்தாலோ நினைவு தவறினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நான்கரை மணி நேரம் கடந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் வேண்டாம். பெரிய குழாயில் அடைப்பு உள்ள சிலருக்கு, ஸ்கேன் முடிவைப் பொறுத்து, 24 மணி நேரம் வரைகூட மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்க முடிகிறது.

கேள்வி: என் சித்தப்பாவுக்குப் பேச்சு குழறி, பத்தே நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டது. மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?
– வாசகர், தேனி

பதில்: இன்றே பார்க்க வேண்டும். இது தற்காலிக அடைப்பாக இருக்கலாம். அப்படியானால் முழுமையான பக்கவாதம் வரும் ஆபத்து முதல் 2 நாட்களில்தான் மிக அதிகம். கழுத்து ரத்தக் குழாய்களையும் இதயத் துடிப்பையும் பரிசோதித்து உடனே மருந்து தொடங்கினால், அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம்.

கேள்வி: எனக்கு ரத்த அழுத்தம் 170/100 இருக்கிறது, ஆனால் உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. மாத்திரை தொடங்கினால் நிறுத்தவே முடியாது என்கிறார்களே?
– வாசகர், விருதுநகர்

பதில்: தொந்தரவு தெரியாததுதான் இந்த நோயின் இயல்பு. பக்கவாதத்துக்கு முதன்மையான காரணம் உயர் ரத்த அழுத்தமே. உங்கள் அளவு 140/90 என்ற எல்லையை வெகுவாகத் தாண்டிவிட்டது. நீண்ட காலம் மாத்திரை தேவைப்படுவது அதற்கு அடிமையாவதால் அல்ல, நோய் நீடிப்பதால்தான். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் உள்ள உப்பும் இதில் அடங்கும். புகையிலையை அறவே விட்டுவிடுங்கள். அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். மாத்திரையால் கால் வீக்கமோ வறட்டு இருமலோ வந்தால், நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு வகை மாத்திரைக்கு மாற்றித் தருவார்.