விரால் கவ்விவிட்டது, டை வெட்டலாமா?

கேள்வி: வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். விரால் பிடிக்க ஒரு ரப்பர் தவளை செய்திருக்கிறேன். அதன் பின்பக்கத்தில் ஒரு புது அமைப்பு உண்டு (...). தென்கரைக் கண்மாயில் நன்றாக எடுக்கிறது. கப்பலூரில் இதற்கு டை (இரும்பு அச்சு) வெட்ட 1.8 லட்சம் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடலாமா? யூடியூபில் வீடியோ போட்டு ஆர்டர் பிடிக்கலாம் என்கிறார் மைத்துனர். சாம்பிள் ஒன்று அனுப்பியுள்ளேன்.
– வாசகர், சோழவந்தான்

பதில்: தம்பி, நகை பீரோவிலேயே இருக்கட்டும். வீடியோவும் இப்போது வேண்டாம். அந்தப் பின்பக்க அமைப்பு என்னவென்று நீங்கள் எழுதியிருந்த நாலு வரியைக் கேள்வியிலிருந்து நானே எடுத்துவிட்டேன். பத்திரிகையில் வந்தாலும் வீடியோவில் வந்தாலும் அது வெளியிட்டதாகிவிடும். அப்புறம் காப்புரிமை கேட்டுப் போனால், இது புதிது இல்லை என்று தள்ளிவிடுவார்கள்.

சாம்பிளை வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டேன். முக்கால் மணி நேரத்தில் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. எடுத்துப் பிழிந்தால் பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் வருகிறது. தூண்டில் முள் இரண்டும் முதுகோடு படிந்திருப்பது அருமை, ஆகாயத்தாமரையில் மாட்டாது. ஆனால் விரால் பல் நாலு தடவை பட்டால் அந்தத் துளை இன்னும் கிழியும்.

இது டை வெட்டிய பிறகு தெரியவந்தால் என்ன பாடு என்று அனுபவித்தவன் நான். 2009-இல் மருந்தடிக்கும் டேங்குக்கு ஒரு மூடி செய்ய 1.4 லட்சம் போட்டு டை வெட்டினேன். வயலில் ஈரக்கையோடு திறக்க முடியவில்லை. மூடி விளிம்பில் இரண்டு பள்ளம் இருந்தால் போதும். ஆனால் மூடியில் பள்ளம் வேண்டுமென்றால் டையில் அந்த இடம் மேடாக வேண்டும், அதாவது இரும்பை ஏற்ற வேண்டும். டையை இன்னும் குடையலாம், குடைந்த இடத்தில் வெல்டு ஏற்றி மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். அந்த டை இன்றும் என் பட்டறை மூலையில் கிடக்கிறது.

இப்போதைக்குச் சிலிக்கான் அச்சு போதும். கையால் ஊற்றி நூறு செய்யுங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து ஊற்றுங்கள், ஊற்றும்போது வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது. பின்லாந்தில் லௌரி ரபாலா என்பவர் 1936-இல் தன் பொய்மீனைச் செருப்புத் தைக்கும் கத்தியால் தக்கையில்தான் செதுக்கினார். மேலே சாக்லேட் சுற்றிய தாளை ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசினார். இன்று உலகம் முழுக்க விற்கும் பெயர் அது.

அந்த நூறை விற்கும் முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபர் இணையத்தில் போட்டால் அரசுக் கட்டணம் 1,600 ரூபாய், காப்புரிமை முகவர் கூலி தனி. 12 மாதத்துக்குள் முழு விவரமும் கொடுக்க வேண்டும். ரப்பர் தவளை ஏற்கெனவே எத்தனையோ இருக்கிறது, அதற்கு உரிமை கிடைக்காது. உங்கள் பின்பக்க அமைப்பு புதிதாக இருந்தால் அதற்குக் கேட்கலாம். கிடைத்தால் 20 ஆண்டு. உருவத்துக்கு வடிவமைப்புப் பதிவு தனி, 10 ஆண்டு, அதன்பின் 5 ஆண்டு நீட்டிக்கலாம். இதுவரை யார் யாரிடம் காட்டினீர்கள், கண்மாயில் கூட நின்றது யார் என்பதையெல்லாம் முகவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், எனக்கு அனுப்பியதையும் சேர்த்து.

அப்புறம் காசு வாங்கிக்கொண்டே கொடுங்கள். சும்மா வாங்கிய கூட்டாளி "சூப்பர்ணே" என்று போய்விடுவான். எத்தனை மீனுக்குத் தாங்கியது, எங்கே கிழிந்தது என்று காசு கொடுத்தவர்தான் திரும்ப வந்து சொல்வார்.

கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை எடுத்திருக்கும் மீன்பாசி குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுச் சோதியுங்கள். குஞ்சோடு திரியும் விராலிடம் மட்டும் வேண்டாம். அது பசியில் கவ்வுவதில்லை, குஞ்சைக் காக்கப் பாய்கிறது. எதைப் போட்டாலும் பாயும். உங்கள் தவளை நல்லதா என்று அதில் தெரியாது, காவல் போன குஞ்சுகளும் மற்ற மீனுக்கு இரையாகும்.

துளையை அடைத்துவிட்டு இன்னொன்று அனுப்புங்கள். வாளியில் ஒரு ராத்திரி முழுக்கப் போட்டுவைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.