மழைக்கு முன் உரம் வேண்டாம்: ஆறு, வயல், உயிரினங்கள் பற்றிக் கேள்வி பதில்

ஆற்று நீரைப் பரிசோதிப்பது என் தொழில். வயலிலிருந்து ஆற்றுக்குப் போவது என்ன, அதனால் ஆற்றில் வாழ்பவை என்ன ஆகின்றன என்பவற்றைக் கேளுங்கள்.

வரப்போரம்: அக்கா, போட்ட உரத்தைப் பயிர்தானே எடுத்துக்கொள்கிறது? ஆற்றுக்கு எப்படிப் போகும்?

முழுவதையும் பயிர் எடுப்பதில்லை தம்பி. மிஞ்சியது இரண்டு வழியில் வெளியேறும். தழைச்சத்து (நைட்ரஜன்) நைட்ரேட்டாக மாறி, நீரில் கரைந்து, மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீர் வழியாக ஆற்றைச் சேரும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) பெரும்பாலும் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு, மண் அரிக்கும்போது சேர்ந்து ஓடும். அதனால் ஒன்றைத் தடுப்பது இன்னொன்றைத் தடுக்காது.

அடுத்த பெருமழையில் உங்கள் வடிகால் வாயில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் நீர் பிடித்து, அசைக்காமல் காலை வரை வையுங்கள். அடியில் படிந்து நிற்பது உங்கள் மேல்மண். அதோடு போனதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மணிச்சத்து. மேலே தெளிந்திருக்கும் நீரிலும் நைட்ரேட் இருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது. குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால், அந்த நீரில் பால் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு.

ஒன்றை மட்டும் இன்றே தொடங்குங்கள்: பெருமழை வரும் என்று தெரிந்தால் உர மூட்டையைத் தொடாதீர்கள்.

புதுச்சால்: நான் தொழுவுரம் மட்டுமே போடுகிறேன். எனக்கு இந்தக் கவலை இல்லைதானே?

இருக்கிறது. பயிருக்கு வேண்டிய தழைச்சத்தைக் கணக்கிட்டுத் தொழுவுரம் போட்டால், மணிச்சத்து தேவைக்கு மேல் விழும். ஆண்டுதோறும் இப்படிச் சேர்ந்த மண்ணிலிருந்து அது கரைந்தும் கசியத் தொடங்கும். மண் பரிசோதனை செய்து மணிச்சத்தின் அளவைப் பாருங்கள். எருக்குவியல் ஓடைக்கரையில் இருந்தால் முதலில் அதை மேட்டுக்கு மாற்றுங்கள். மழைக்கு முன் இறைக்காதீர்கள். எருவுக்கும் அதே விதிதான்.

நாணல்: ஆற்றோரம் பத்து மீட்டர் அகலத்துக்குப் புல்லும் மரமும் விட்டிருக்கிறேன். நீரைப் பரிசோதித்தால் நைட்ரேட் குறையவே இல்லை. ஏன்?

வயலுக்கு அடியில் வடிகால் குழாய் பதித்திருக்கிறீர்களா? பதித்திருந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். நீர் உங்கள் புல்லின் வேரைத் தொடாமல் குழாய் வழியாக நேரே ஆற்றில் விழுகிறது. குழாயின் வாயை ஒரு சிறு சதுப்புக் குட்டைக்குத் திருப்புங்கள். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். மரங்களை வெட்டிவிடாதீர்கள். அவற்றின் நிழல்தான் கோடையில் நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது; குளிர்ந்த நீரில்தான் ஆக்சிஜன் அதிகம் கரைந்து நிற்கும். மீன்களுக்கு அது உயிர்.

பச்சைக்குளம்: நீலப்பச்சைப் பாசி படர்ந்துவிட்டது. என்ன மருந்து ஊற்றலாம்?

ஊற்ற வேண்டாம். வயலிலிருந்து வந்து சேரும் உரச்சத்துதான் இந்தப் பாசிக்குத் தீனி; அதைத் தடுப்பதுதான் வழி. பாசி மொத்தமாகச் செத்தால் உள்ளிருக்கும் நஞ்சு ஒரேயடியாக நீரில் கலக்கும். அழுகும்போது ஆக்சிஜனும் தீர்ந்து மீன்கள் மிதக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் படர்ந்த பாசியால் அமெரிக்காவின் டொலிடோ நகரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் குழாய் நீரைக் குடிக்க முடியாமல் போனது. மாடுகளை அந்தக் குளத்தில் விடாதீர்கள்.

இலைநுனி: என் பயிர் மஞ்சளடிக்கிறது, என்ன நோய்?

வேளாண் அலுவலரிடம் செடியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நான் நீரை மட்டுமே அறிவேன்.

தெளிநீர்: பாசியைக் கொல்ல எந்த மருந்து நல்லது?

பச்சைக்குளத்துக்குச் சொன்னதுதான்.

மேல்மடையான்: அம்மா, மீனுக்கும் பறவைக்கும் நீர் விடச் சொல்கிறார்கள். நாங்கள் வயலைக் காயப்போட வேண்டுமா?

அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நடந்ததைச் சொல்கிறேன். 2001 வறட்சியில், அழியும் நிலையில் இருந்த மீன்களுக்காகப் பெரும்பாலான வயல்களுக்குப் பாசனம் நிறுத்தப்பட்டது. பயிர் காய்ந்தது, குடும்பங்கள் நொடிந்தன. அடுத்த ஆண்டு பாசனத்துக்கு நீர் விட்டார்கள். 2002 செப்டம்பரில் ஆறு வற்றிச் சூடேறியது. முட்டையிட ஏறி வந்த சால்மன்கள் நெருக்கியடித்து நின்ற இடத்தில் செவுள் நோய் பரவிக் குறைந்தது 34,000 மீன்கள் செத்தன. அந்த மீனை நம்பி வாழ்ந்தவர்கள் கீழ்ப்பகுதியில் இருக்கும் யூரோக் பழங்குடியினர். அவர்களும் உங்களைப் போல ஆற்றை நம்பியவர்கள்தான். வறட்சி வந்த பிறகு பங்கு பிரிக்க உட்கார்ந்தால் யாராவது ஒருவர் வயிற்றில்தான் அடி விழும். நீர் நிறைந்திருக்கும் ஆண்டிலேயே பேசி முடியுங்கள்.

மேல்மடையான்: நகரத்துச் சாக்கடை நேராக ஆற்றில் விழுகிறது. அதை விட்டுவிட்டு எங்களையே பிடிக்கிறீர்கள்.

கடைமடையான்: நீங்கள் விடுவதெல்லாம் எங்கள் மதகுக்குத்தான் வந்து சேர்கிறது. நீங்களாவது சாக்கடைக்கு மேலே இருக்கிறீர்கள்; இரண்டையும் குடிப்பவர்கள் நாங்கள்.

இருவர் சொல்வதும் உண்மை. சாக்கடை ஒரு குழாயில் விழுகிறது, அளக்கலாம், சுத்திகரிக்கலாம். அதைச் செய்யாத நகரத்தை நானும் மன்னிக்க மாட்டேன். வயல் நீர் ஆயிரம் வரப்புகளில் கசிகிறது; அதற்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது, விவசாயிதான் தடுக்க முடியும். ஆனால் அந்தச் செலவை அவர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். நியூயார்க் நகரம் 1997இல், தன் குடிநீர் வரும் மேட்டுப்பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. எருக்கிடங்கு கட்டவும், மாடு ஓடையில் இறங்காமல் வேலி போடவும் விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கிறது. அந்த நீருக்குப் பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் நிலையம் கட்டும் செலவு மிச்சம். மேல்மடையாரே, இழப்பீடு தராமல் கரையோர நிலத்தைப் புல்லுக்கும் மரத்துக்கும் விடச் சொன்னால் நானும் உங்களோடு நின்று எதிர்ப்பேன். இழப்பீடு தந்தால் கரையை விடுங்கள்.

நீர்க்காகம்: அக்கா, பாசி மருந்து...

மேலே படியுங்கள். இந்தக் கேள்வி வருவது இது மூன்றாவது முறை.

ஓடைக்கரை: இதையெல்லாம் செய்தால் எப்போது ஆறு தெளியும்? எங்களுக்கு இங்கே இப்போதே மேகம் திரண்டு நிற்கிறது.

நிலத்தடி நீரில் ஏற்கெனவே இறங்கிவிட்ட நைட்ரேட் வெளியேறப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். அதனால் நைட்ரேட் அளவை மட்டும் பார்த்து மனம் தளராதீர்கள். ஓடையில் கணுக்காலளவு நீரில் ஒரு கல்லை மெல்லப் புரட்டுங்கள். அடிப்பக்கத்தில் மூன்று வால் இழைகளோடு தட்டையான சிறு பூச்சிகள் ஒட்டியிருந்தால் அவை மே ஈக்களின் குஞ்சுகள். ஆக்சிஜன் குறைந்தால் முதலில் மறைபவற்றுள் அவையும் உண்டு. எண்ணிக் குறித்துக்கொண்டு, கல்லை அப்படியே திரும்ப வையுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதம் மறுபடி எண்ணுங்கள். மேகம் திரண்டிருக்கிறது என்கிறீர்கள், இன்று உர மூட்டையைப் பிரிக்காதீர்கள்.