தாத்தாவின் தகரப் பெட்டியில் தோட்டா: வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் தாத்தா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். துரை பங்களாவைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போன தகரப் பெட்டி ஒன்று எங்கள் பரணில் கிடந்தது. போன மாதம் வெள்ளையடிக்கும்போதுதான் திறந்தோம். உள்ளே செம்பில் செய்த வெடிமருந்துக் குடுவை, ஈயக்குண்டு வார்க்கும் இடுக்கி அச்சு, 'டவர் 1858' என்று பொறித்த துப்பாக்கி விசைப்பகுதி, ஈலி பிரதர்ஸ் என்று எழுதிய சின்ன டப்பாவில் துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்கும் செம்புக் கேப்புகள் கொஞ்சம், மூன்று பெரிய பித்தளைத் தோட்டாக்கள் இருந்தன. துப்பாக்கி எதுவும் இல்லை. இதே காலத்துப் பொருட்களை இன்னும் வாங்கிச் சேர்க்க ஆசையாக இருக்கிறது. லண்டனில் ஒருவர் குடுவைக்கு நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். என் மைத்துனரோ எல்லாவற்றையும் கிணற்றில் போடச் சொல்கிறார். 150 வருடப் பழைய பொருளுக்கும் சட்டம் உண்டா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், நீலகிரி மாவட்டம்)

பதில்: உண்டு ஐயா. ஆனால் பெட்டியில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. கிணற்றில் மட்டும் எதையும் போட்டுவிடாதீர்கள். நாளைக்குத் தூர் வாரும்போது மேலே வந்தால், மறைக்கப் பார்த்தீர்கள் என்றுதான் எழுதுவார்கள்.

நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று தோட்டாக்களும் மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கு உரியவை போலத் தெரிகின்றன. 1871 முதல் பிரிட்டிஷ் படை வைத்திருந்த துப்பாக்கி அது. அடி பருத்து, கழுத்து குறுகி, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த கூடு. இரண்டின் அடிப்பக்கம் நடுவில் உள்ள சின்ன வட்டத்தில் ஊசி குத்திய பள்ளம் இருக்கிறது, வாயும் காலி. அவை சுட்டு முடித்த கூடுகள். மூன்றாவதில் அந்த வட்டம் வழவழப்பாக இருக்கிறது. வாயில் காகிதம் சுற்றிய ஈயக்குண்டும் அப்படியே இருக்கிறது. அது சுடாத தோட்டா. உங்கள் சிக்கலில் பெரும்பகுதி அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 3ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குத் தண்டனை குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. தோட்டா என்ற சொல்லுக்குள் தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் இயந்திரங்களும் அடக்கம். துப்பாக்கி என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம்.

விலக்கு 45ஆம் பிரிவில் இருக்கிறது. அதைப் பலரும் பாதி மட்டுமே படிக்கிறார்கள். வழக்கொழிந்த, தொன்மை மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதம், பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருந்தால் சட்டம் அதைத் தொடாது. பழையது என்பது மட்டும் போதாது, சுட முடியாததாகவும் இருக்க வேண்டும். அதோடு, அந்த உட்பிரிவு ஆயுதத்தைப் பற்றித்தான் பேசுகிறது, தோட்டாவைச் சொல்லவில்லை. ஆகவே 'நூறு வருடம் ஆகிவிட்டது, விட்டுவிடுங்கள்' என்ற வாதம் உங்கள் மூன்றாவது தோட்டாவைக் காப்பாற்றாது.

உங்களுக்கு உதவுவது அடுத்த உட்பிரிவு. ஆயுதத்தின் அல்லது தோட்டாவின் சின்ன உதிரிகளை ஒருவர் வைத்திருக்கலாம். ஆனால் அவரிடமோ வேறு யாரிடமோ உள்ள மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இருக்கக் கூடாது. இரண்டு காலிக் கூடுகளும் தாராளமாக இதற்குள் வரும். விசைப்பகுதியும் வரும் என்று நான் வாதாடுவேன். அது அப்படி ஒன்றும் சின்ன உதிரி இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லலாம், ஆனால் குழலோ கட்டையோ உங்களிடம் இல்லை.

அதனால்தான் நீங்கள் சேர்க்க நினைப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. விசை இருக்கிறது, குழல் கிடைத்தால் நன்றாயிருக்கும், அப்புறம் கட்டை என்று ஒன்றை ஒன்று தேடிப் போய் முழுமையாக்குவதுதான் சேகரிப்பவரின் இயல்பு. அந்த முழுமைதான் 45ஆம் பிரிவின் பாதுகாப்பை உடைக்கும். இன்றைக்கு உங்களிடம் இருப்பது உதிரி. அதற்குப் பொருந்தும் குழலை வாங்கிய நாளில் அது 'மற்ற பாகங்களோடு சேர்த்து' என்றாகிவிடும். சந்தையில் ஒரு குழல் மலிவாக வந்தாலும் கையை நீட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைப்பது இன்னும் மோசம். 10ஆம் பிரிவின்படி ஆயுதமோ தோட்டாவோ நாட்டுக்குள் கொண்டுவரத் தனி உரிமம் வேண்டும். பாகமும் அதில் அடக்கம்.

குடுவையை வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கியின் துணைப்பொருள் என்ற வகையில் சட்டம் குறிப்பிடுவது சுடும் சத்தத்தையோ ஒளியையோ குறைக்கும் கருவியை மட்டுமே. ஆனால் உள்ளே மருந்து இருந்தால் கதை வேறு. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் குறுக்கே வரும். ஈரம் படாத கருமருந்து எத்தனை வருடமானாலும் பற்றிக்கொள்ளும். திறக்க வேண்டாம், ஆட்டியும் பார்க்க வேண்டாம். குண்டு அச்சைத் 'தோட்டா செய்யும் இயந்திரம்' என்று யாராவது இழுக்கலாம். கையால் இடுக்கிப் பிடிக்கும் அச்சுக்கு அது அதிகப்படியான வாசிப்பு என்பது என் கருத்து. ஆனாலும் அழகுக்காகக்கூட அதில் ஈயம் ஊற்றாதீர்கள்.

டப்பாவில் உள்ள கேப்புகள்தான் எனக்குப் பயம். அந்தக் காலத்துக் கேப்புகளில் அடித்தால் வெடிக்கும் பாதரச ஃபல்மினேட் இருக்கும். வயதானதால் அது சாதுவாகிவிடும் என்று நம்ப வேண்டாம். புளி போட்டுத் தேய்ப்பது, வெயிலில் வைப்பது, பேரப்பிள்ளைகளிடம் காட்டுவது எதுவும் கூடாது.

சரி, இப்போது என்ன செய்வது? ஆயுதச் சட்ட வழக்கில் உடைமை என்றால் அறிந்து வைத்திருப்பது. 1972இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பையில் ஒரு தோட்டா கிடந்தது தெரியாமல் விமான நிலையத்தில் மாட்டியவர்கள் மீதான வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் இந்த அடிப்படையில் ரத்து செய்திருக்கிறது. பெட்டியைத் திறக்கும் வரை நீங்களும் அறியாதவர்தான். திறந்து, பார்த்து, எனக்குப் படமும் அனுப்பிய பிறகு அந்த வாதம் நாளுக்கு நாள் மெலிகிறது. போன மாதம் என்கிறீர்கள். இந்த வாரம் தாண்டக் கூடாது.

உங்கள் ஊர்க் காவல் நிலைய ஆய்வாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பெட்டி எப்படி வந்தது, எந்தத் தேதியில் திறந்தீர்கள், உள்ளே என்னென்ன என்று காலிக் கூடு வரை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். சுடாத தோட்டாவையும் கேப்புகளையும் ஒப்படைக்க விரும்புவதாகவும், வெடிக்கக்கூடியது என்பதால் நீங்கள் தூக்கிவர முடியாது, வந்து எடுத்துக்கொள்ளும்படியும் கேளுங்கள். பேருந்தில் பையில் போட்டுக்கொண்டு போகவே கூடாது. படங்களை இணைத்து, மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு நகல் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். நகலுக்குக் காரணம் உண்டு. 3ஆம் பிரிவுக் குற்றத்துக்கு வழக்கு நடத்த, 39ஆம் பிரிவின்படி மாவட்ட நடுவரின் முன் அனுமதி வேண்டும். அந்தப் பொறுப்பில் இருப்பவர் ஆட்சியர். அந்தக் கோப்பு எப்போதாவது அவர் மேசைக்குப் போனால், உங்கள் கடிதம் அதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் விடாதீர்கள்.

பழைய துப்பாக்கியே வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஆயுத விதிகளின் 2020 திருத்தப்படி, அரும்பொருள் (கியூரியோ) வகையில் வரும் சிறு ஆயுதத்தை இந்தியக் குடிமகன் உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். எடுத்துச் செல்லவோ சுடவோ உரிமம் வேண்டும். குறிப்பிட்ட துப்பாக்கி அந்த வகையில் வருகிறதா என்பதை ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

லண்டன்காரர் விஷயம் சுருக்கமானது. நூறு ஆண்டு தாண்டிய பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடியது. தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தண்டனை குறைந்தது 6 மாதம், 3 ஆண்டு வரை போகும். 'அலங்காரப் பித்தளைப் பாத்திரம்' என்று பார்சலில் எழுதி அனுப்பச் சொல்வார், ஒப்புக்கொள்ளாதீர்கள். அவருக்கு இன்றே மறுப்பு எழுதி, அந்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.