மறதிநோய் உள்ளவரை ஆய்வில் சேர்க்கக் குடும்பத்தார் ஒப்புதல் போதுமா?

நோயாளியால் முடிவெடுக்க இயலாதபோது குடும்பத்தார் கையொப்பமிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், மருந்துச் சோதனை அல்லாத ஆய்வுகளில், 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி அவர்கள் ஒப்புதல் தருவதில்லை. முடிவெடுக்கும் திறன் இருந்திருந்தால் அவர் எதை விரும்பியிருப்பார் என்ற கருத்தை மட்டுமே சொல்கிறார்கள். 'அம்மா இதற்கு இசைந்திருக்கமாட்டார்' என்று மகள் சொல்லிவிட்டால் சேர்க்க முடியாது. சேர்ந்த பின்னரும், இரத்தம் எடுக்கும்போது நோயாளி கையை இழுத்துக்கொண்டால், பொதுவாக அதையே மறுப்பாகக் கொண்டு நிறுத்திவிட வேண்டும்.

ஆனால் இத்தகைய ஆய்வுகளுக்கு ஆள் கிடைக்காமைக்கு, என் கணிப்பில், மறுப்பைவிடப் பராமரிப்பவரின் களைப்பே பெரிய காரணம்: துணையின்றி நோயாளி வர இயலாது, துணைக்கு வருபவருக்கோ விடுப்பு கிடைப்பதில்லை. வீடு தேடிச் சென்று, நோயாளி தெளிவாக இருக்கும் வேளையில் பேசுவதே நடைமுறையில் உதவும். மறதிநோய் ஆய்வுகளில் பங்கேற்க விரும்புவோருக்காக 2015இல் பிரிட்டனில் தொடங்கிய 'ஜாயின் டிமென்ஷியா ரிசர்ச்' பதிவேட்டில் நோயாளியின் சார்பில் உறவினரும் பதியலாம், நோயில்லாதவர்களும் பதியலாம்.