ஃப்ளூ தடுப்பூசியை ஏன் வருடாவருடம் மாற்றுகிறார்கள்?

"போன வருஷம் போட்ட ஃப்ளூ ஊசி இந்த வருஷத்துக்குப் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. வைரஸின் மேற்பரப்பில் இருக்கும் ஹீமக்ளுட்டினின் என்ற புரதம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகிறது. பழைய ஊசியால் உடலில் உருவான எதிர்ப்பொருள்களிடம் (வைரஸைப் பிடித்துத் தடுக்கும் புரதங்கள்) அது சரியாகச் சிக்குவதில்லை. போதாக்குறைக்கு, ஊசி தந்த எதிர்ப்பும் மாதங்கள் போகப்போகக் குறைகிறது.

அதனால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு முறை நிபுணர்களைக் கூட்டி, எந்த வகைகளைச் சேர்க்கலாம் என்று பரிந்துரைக்கிறது: வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். அப்புறம் தயாரிப்பு. இன்றும் பெரும்பாலும் கோழிமுட்டைதான்! கருவுற்ற முட்டைக்குள் வைரஸைச் செலுத்தி, சில நாள் வளரவிட்டு, உள்ளிருக்கும் திரவத்தை எடுத்து, வைரஸைச் செயலிழக்க வைத்துச் சுத்திகரிக்கிறார்கள். எல்லாம் முடிய ஆறு மாதமாவது ஆகும்.

சிக்கலே அந்த இடைவெளியில்தான். 2014 பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த எச்3என்2 (ஃப்ளூ வைரஸில் ஒரு வகை) ஒன்று. அடுத்து வந்த 2014-15 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அதிகம் பரவியது அதிலிருந்து விலகிப்போன இன்னொன்று. அந்தப் பருவத்தில் ஊசியின் பலன் 20 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

சில நேரம் ஒரு வைரஸ் வகையே காணாமல் போவதும் உண்டு. பி யமகட்டா என்ற ஃப்ளூ வைரஸ் வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக எங்கும் தென்படவில்லை. அதனால்தான் அமெரிக்காவில் 2024 பருவத்திலிருந்து நான்கு வைரஸ் வகைகளுக்கான ஊசி மூன்று வகைகளுக்கான ஊசியாகிவிட்டது.