அல் உலாவுக்குக் காரில் போகிறீர்களா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: அண்ணே, நாங்கள் நாலு பேர் ஜித்தாவில் இருக்கிறோம். வியாழன் வேலை முடிந்ததும் கிளம்பி, இரவோடு இரவாக ஓட்டி, அல் உலா பக்கத்தில் இருக்கும் பழங்கால நகரமான ஹெக்ராவைப் பார்த்துவிட்டு சனிக்கிழமை திரும்ப முடியுமா?

வேண்டாம் தம்பி. ஒரு வழிக்கே சுமார் 700 கிலோமீட்டர். தூக்கக் கலக்கம் ஒரு பக்கம், ஒட்டகம் இன்னொரு பக்கம். கால் உயரமாக இருப்பதால் அதன் உடம்பு ஹெட்லைட் வெளிச்சத்துக்கு மேலே இருளில் நிற்கும். இடித்தால் கால் மடங்கி, மொத்த எடையும் முன்கண்ணாடி மேல் விழும். வெள்ளி விடியலில் கிளம்பி மாறி மாறி ஓட்டுங்கள். சனி சுற்றிப் பார்த்துவிட்டு, ஞாயிறு லீவு போட்டுப் பகலில் திரும்புங்கள். லீவு கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிப் போடுவதே நல்லது.

கே: சொந்தக் காரிலேயே ஹெக்ராவுக்குள் போகலாமா?

முடியாது. ஆன்லைனில் டிக்கெட் எடுத்து, குறித்த நேரத்தில் ஹெக்ரா நிர்வாகத்தின் வண்டியில்தான் போக வேண்டும். முதலில் டிக்கெட், அப்புறம் அறை.

கே: எல்லாம் ஒரே மாதிரிக் கல்லறைகள், அரை மணி நேரம் போதும் என்று போய் வந்த நண்பர் சொன்னாரே?

அவர் வாசலுக்கு மேலே அண்ணாந்து பார்த்திருக்க மாட்டார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வாழ்ந்த நபாத்தியர்கள் என்ற மக்கள் பாறையில் குடைந்த பெரிய கல்லறைகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. பல வாசல்களின் மேல் கல்வெட்டு உண்டு. கல்லறை யாருடையது, யார் யாரை அடக்கலாம், எந்த மன்னரின் எத்தனையாவது ஆண்டு, எல்லாம் இருக்கும். சிலவற்றில் செதுக்கிய சிற்பியின் பெயரும் இருக்கும். பெண்களுக்குச் சொந்தமான கல்லறைகளும் உண்டு. கல்லறையை விற்பவனுக்கும் அடகு வைப்பவனுக்கும் துஷாரா தெய்வத்தின் சாபம், கூடவே அபராதம்! நம் கோயில் கல்வெட்டுகளின் கடைசி வரியில் 'கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம்' என்று வருமே, அதே குரல். முதன்முதலில் அர்த்தம் கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

அப்புறம் கஸ்ர் அல் ஃபரீத். தனிப் பாறையில் குடைந்த கல்லறை, முடிக்காமல் விட்ட வேலை. உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். மேலே வழவழவென்று இருக்கும், அடியில் உளி கொத்திய தழும்புகள் அப்படியே நிற்கும். மாமல்லபுரம் ரதங்களின் அடிப்பகுதியைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். இங்கே பத்து நிமிடமாவது நில்லுங்கள்.

கே: செடான் போதுமா, ஃபோர் வீல் வேண்டுமா?

நல்ல தார் ரோடு, செடான் தாராளம். மணலில் மட்டும் இறக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. அவ்வளவு பழசாக இருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். காற்றை, டயர் சூடாவதற்கு முன் காலையிலேயே பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து.

கே: டிசம்பரில் ஸ்வெட்டர் தேவையா?

கட்டாயம். இரவில் நன்றாகக் குளிரும்.

கே: சனி மாலை ஒன்றிரண்டு மணி நேரம் மிச்சம் இருந்தால் எங்கே போகலாம்?

யோசிக்காமல் ஜபல் இக்மா. டிக்கெட்டை மட்டும் முன்பே எடுத்து வையுங்கள். குறுகலான பள்ளத்தாக்கு, இரு பக்கப் பாறையிலும் நூற்றுக்கணக்கான எழுத்துகள். நபாத்தியர்களுக்கு முந்தைய ததான், லிஹ்யான் அரசுகளின் காலத்தவை அவற்றில் நிறைய. 2023-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். அங்கே கதை சொல்பவரை 'ராவி' என்பார்கள். ஏதாவது ஒரு வரியைக் காட்டி, படித்துச் சொல்லக் கேளுங்கள்.